அண்மையில் வாசித்த நாவல்கள்: தகவல் எங்கே கதையாகிறது, எங்கே சுமையாகிறது?

ஏட்டுச்சுவடி:

இந்தச் சுற்றில் வாசித்தவை ஆறு. சாயாவனம், வெக்கை, வாடிவாசல், செல்லாத பணம் நான்கும் மனதுக்கு மிகவும் பிடித்தன. கோபல்லபுரத்து மக்கள் முன்பாதி பிடித்தது, பின்பாதி பிடிக்கவில்லை. காவல் கோட்டத்தின் மீது மரியாதை உண்டு, ஆனால் முழுதாக ஒட்டவில்லை. கதை முடிவுகளைப் பற்றியும் பேசப்போகிறேன், வாசிக்காதவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆறிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. எல்லாமே தகவல் நிறைந்த நாவல்கள்தான். சிலவற்றில் அந்தத் தகவல் கதையாகவே ஆகிவிடுகிறது. சிலவற்றில் கதையை நிறுத்திவைத்துவிட்டு ஆசிரியர் சொல்கிறார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

சாயாவனத்தை எடுத்துக்கொள்வோம். சா. கந்தசாமி எழுதி 1960களின் கடைசியில் வெளிவந்த நாவல். கரும்பாலை கட்டுவதற்காகச் சிதம்பரம் ஒரு வனத்தை அழிக்கிறான். கதை என்று சொல்ல இவ்வளவுதான். ஆனால் அழிப்பது என்பது எத்தனை வேலை என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பச்சை மரம் சுலபமாகப் பற்றாது. வெட்ட வேண்டும், காயவிட வேண்டும், வழி உண்டாக்க வேண்டும், காற்று பார்த்துத் தீ வைக்க வேண்டும். எந்த இடத்திலும் 'இயற்கையை அழிக்கிறார்களே' என்று ஆசிரியர் குரல் கேட்பதில்லை. சிதம்பரம் கெட்டவனும் அல்ல. உழைப்பாளி, கெட்டிக்காரன், பொறுமைசாலி. அவன் திறமையை நாமும் ரசித்துக்கொண்டே போகிறோம். கடைசியில் புளி வருகிறது பாருங்கள், அங்கேதான் அடி விழுகிறது. ஊருக்கே புளி கொடுத்த மரங்கள் கருகிப்போன பிறகு வெளியிலிருந்து வரும் புளி நன்றாக இல்லை. ஒரு கிழவியின் பேச்சோடு நாவல் முடிகிறது. முன்பு வெறும் விவரமாக வந்துபோன புளி கடைசியில் தீர்ப்பாகிவிடுகிறது.

வாடிவாசலில் வேறு உத்தி. சி. சு. செல்லப்பா 1959இல் வெளியிட்டது, நூறு பக்கத்துக்குள் அடங்கும், ஒரே நாளின் மாடுபிடி. ஜல்லிக்கட்டு அறியாத வாசகருக்கு எவ்வளவோ விளக்க வேண்டியிருக்கும். அதையெல்லாம் வாசலில் நிற்கும் ஒரு கிழவர் பிச்சிக்கும் மருதனுக்கும் சொல்கிறார். காரிக் காளையின் பெருமையையும், அது குத்திச் சாய்த்தவர்களையும் பற்றி அவர் பேசுவது யாரிடம்? அந்தக் காளையால் அப்பனை இழந்தவனிடம். நமக்குத் தகவலாக வருவது பிச்சிக்குக் காயத்தின் மீது விரல். கிழவரும் சும்மா சொல்லவில்லை, இவர்கள் யார் என்று தூண்டில் போட்டுக்கொண்டே பேசுகிறார். அந்த உரையாடலைத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு வேலை செய்வது தெரியும்.

வெக்கை பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கையை மட்டும் வெட்ட நினைத்தான் பையன், ஆள் செத்துப்போனான். அப்புறம் எட்டு நாள் தகப்பனும் மகனும் ஒளிந்து திரிவது. எங்கே படுப்பது, எதைச் சமைப்பது, எந்தப் பக்கம் தண்ணீர் கிடைக்கும் என்பதுதான் பெரும்பகுதி. அண்ணன் செத்த துக்கம் அந்தச் சமையலுக்கு நடுவே துண்டு துண்டாக வருகிறது. பூமணி ஒரு இடத்தில்கூட 'அவன் துயருற்றான்' என்று எழுதி நம்மைக் கையைப் பிடித்து இழுப்பதில்லை. (சாயாவனம், வெக்கை இரண்டிலும் முக்கிய ஆள் பெயர் சிதம்பரம்தான். அடுத்தடுத்து வாசிப்பவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கி. ராஜநாராயணனின் (கி.ரா.) கோபல்லபுரத்து மக்கள் பின்பாதியில் சுதந்திரப் போராட்டம் வந்ததும் நாவல் செய்திச் சுருக்கமாக மாறிவிட்டது. கிட்டப்பனும் அச்சிந்தலுவும் இருந்த இடத்தில் தலைவர்களும் தேதிகளும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

என் கணிப்பு இது: தகவல் ஒரு பாத்திரத்தின் கையில் வேலையாக இருந்தால் உயிரோடு இருக்கும், ஆசிரியர் வாயில் இருந்தால் கனக்கும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

கரிசல்காடு:

ஏட்டுச்சுவடி சார், கோபல்லபுரத்து மக்கள் பின்பாதி பற்றிச் சொன்னது சரி. ஆனால் காரணம் நீங்கள் சொன்னதல்ல என்று படுகிறது.

அதற்கு முந்தைய நாவலான கோபல்ல கிராமத்தை (1976) எடுத்துப் பாருங்கள். அதிலும் கி.ரா.தான் சொல்கிறார், பாத்திரங்களின் கை வேலை செய்வது குறைவு. பாட்டி மங்கத்தாயாரம்மாள் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்ததைச் சொல்கிறாள். காடு திருத்தி ஊராக்கியது, தீவட்டிக் கொள்ளைக்காரர்களை எதிர்கொண்டது எல்லாமே சொல்லித்தான் வருகின்றன. ஆசிரியர் குரல் என்றால் இதைவிட அதிகமாக எதில் இருக்கிறது? ஆனால் ஒரு பக்கம்கூடக் கனக்கவில்லை.

வித்தியாசம் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. முதல் நாவலில் வெளியுலகச் சேதி எல்லாம் ஊர் வாய் வழியாக, அரைகுறையாக, வியப்போடும் பயத்தோடும் வந்து சேர்கிறது. கும்பினிக்காரன் (கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரன்) என்பவன் ஊர்க்காரர்களுக்கு எப்படித் தோன்றினானோ அப்படித்தான் நமக்கும் தோன்றுகிறான். இரண்டாவது நாவலின் பின்பாதியில் கி.ரா. ஊரைவிட்டு வெளியே வந்து, பின்னாளில் எல்லாம் அறிந்தவராக நின்று பேசுகிறார். கடற்படை எழுச்சி கோபல்லபுரத்துத் திண்ணையில் எப்படிக் காதில் விழுந்தது என்று எழுதியிருந்தால் அதுவும் கதையாகியிருக்கும்.

வாய்மொழியில் கதை சொல்பவன் கிளைக்கதைக்குப் போவது குற்றமே இல்லை. கிளைக்குப் போனவன் எதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புகிறான் என்று பார்க்க வேண்டும். கி.ரா. ஒரு ஆளுக்குப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அந்த ஆளை அதன் பிறகு நாம் வேறு கண்ணால் பார்க்கிறோம்.

பக்கம்_நாற்பது:

வரலாற்று நாவல் பக்கம் பேச்சு திரும்பியதால் ஒன்று சொல்கிறேன். அண்மையில் வாசித்த சோழர் கால நாவல்கள் இரண்டைப் பாதியில் வைத்துவிட்டேன். பெயர் வேண்டாம், இந்தப் பிழைகள் பரவலாகவே இருக்கின்றன. அவையெல்லாம் சின்னப் பிழை என்று தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருள் பொய்யானால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாத்திரமும் அந்தக் கணம் பொய்யாகிவிடுகிறது.

சாப்பாட்டில்தான் அதிகம் தவறுகிறார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மக்காச்சோளம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகுதான், பெரும்பாலும் போர்ச்சுகீசியர் வழியாக, ஒவ்வொன்றாக இங்கே வந்தன. ராஜராஜன் காலத்துச் சமையற்கட்டில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. புளி இருக்கலாம், அது சங்கப் பாடல்களிலேயே உண்டு. படைவீரன் புகையிலை மெல்லவும் கூடாது.

அடுத்தது சொல். 'ஜன்னல் வழியே இளவரசி எட்டிப் பார்த்தாள்' என்று எழுதுகிறார்கள். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி, கோப்பை, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள். சாளரம், பலகணி, திறவுகோல் என்று நம்மிடமே இருக்கிறதே. கதைசொல்லி தன் குரலில் ஜன்னல் என்று எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். பத்தாம் நூற்றாண்டுப் பாத்திரமே வாய் திறந்து சொன்னால் காதில் உறுத்துகிறது.

நேரம்: ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு ஜாமம். 'ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்' என்று ஒற்றன் சொல்லக் கூடாது.

நிலா: இதில் பெரிய எழுத்தாளர்களே வழுக்குகிறார்கள். வளர்பிறை நாலாம் நாள் பிறை, பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிந்து சுமார் மூன்று மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை நள்ளிரவில் கிழக்கே எழச் செய்தால் அந்தக் காட்சி முழுக்க இடிந்துபோகும். நள்ளிரவையொட்டி எழுவது தேய்பிறை அஷ்டமி நிலா. முழுநிலா பொழுது சாயும்போதே கிழக்கில் ஏறும். கதையில் திதி சொல்லிவிட்டால் நிலாவின் நேரமும் அதோடு முடிவாகிவிட்டது, பிறகு வசதிக்கு மாற்ற முடியாது.

குதிரை: இரவெல்லாம் பாய்ச்சலில் ஓட்டுகிறார்கள். முழுப் பாய்ச்சலில் சில கிலோமீட்டருக்குள் குதிரை களைத்துவிடும். நடையும் மெல்லோட்டமுமாக மாற்றி மாற்றிப் போனால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் சுமாராகப் போகலாம். இடையில் தண்ணீர், தீனி, ஓய்வு தேவை. அவசரச் சேதி என்றால் வழியில் குதிரை மாற்ற வேண்டும். குதிரை மாற்றும் இடமே ஒரு நல்ல காட்சிக்கு இடம் தருமே! தாமதம், சந்தேகம், யாரோ அடையாளம் கண்டுகொள்வது என்று எத்தனை வருகின்றன! உண்மையான விவரத்தைத் தவிர்ப்பவர்கள் கதையையே தவிர்த்துவிடுகிறார்கள்.

நெய்தல்வாசகி:

கடல் பற்றிய இரண்டு நாவல்களை அடுத்தடுத்து வாசித்தேன், இந்த இழைக்குப் பொருந்தும். வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977), ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு (2004).

கடல்புரத்தில் சின்ன நாவல். மீன்பிடித் தொழிலின் நுட்பம் அதில் குறைவு. வல்லத்துக்காரர்களுக்கும் (நாட்டுப்படகுக்காரர்கள்) லாஞ்சுக்காரர்களுக்கும் (விசைப்படகுக்காரர்கள்) நடக்கும் பகை பின்னால் ஓடுகிறது, முன்னால் பிலோமி நிற்கிறாள். சாமிதாஸோடு அவள் காதல் கைகூடவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் வெறுக்காமல் இருக்கிறாளே, அந்த அன்பு எப்படிச் சாத்தியம் என்பதுதான் நாவல். தகவலே வேண்டாம் என்று முடிவெடுத்த நாவல் இது, அந்த முடிவு சரி.

ஆழி சூழ் உலகு நேர் எதிர். அரை நூற்றாண்டு, பல குடும்பங்கள், ஏராளமான பெயர்கள், கட்டுமரத் தொழிலின் அத்தனை சொற்கள். இது ஏன் மூழ்கிப்போகவில்லை? கடலில் கரை தெரியாமல் மூன்று பேர் தவித்துக்கொண்டிருக்கிறார்கள், ஊர்க்கதை எவ்வளவு தூரம் போனாலும் நாவல் திரும்பத் திரும்ப அந்த மூவரிடம் வருகிறது. காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) அங்கே அகராதிச் சொல் அல்ல, பிழைப்போமா என்ற கேள்வி. ஏட்டுச்சுவடி சார் சொன்ன விதி இங்கே அப்படியே பொருந்துகிறது.

குறையும் உண்டு. நடுவில் ஊர் அரசியல் வரும் இடங்களில் புதுப் பெயர்கள் வேகமாக வந்து குவிகின்றன. ஒருவர் முகம் மனதில் பதிவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

வட்டார வழக்கு கண்டு தயங்குபவர்களுக்கு ஒரு வழி. முதல் 40, 50 பக்கம் பின்னால் உள்ள சொல் விளக்கத்தைப் பார்க்காமலே வாசியுங்கள். ஒரு சொல் மூன்று முறை வெவ்வேறு இடத்தில் வந்தால் பொருள் தானாகப் பிடிபடும். அப்படியும் பிடிபடாததை மட்டும் பின்னால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கம் புரட்டினால் பேச்சின் ஓசை அறுந்துபோகும், வட்டார வழக்கில் பாதிப் பொருள் அந்த ஓசையில்தான் இருக்கிறது. உச்சரித்துப் பார்ப்பதும் உதவும். கண்ணுக்கு விசித்திரமாகத் தெரிவது காதுக்குப் பழகியதாக இருக்கும்.

மாலைவெயில்:

எல்லோரும் பாராட்டிக்கொண்டே போவதால் ஒரு மாற்றுக் கருத்து. இமையத்தின் செல்லாத பணம் எனக்கு நெஞ்சில் இறங்கிய நாவல்தான், ஆனால் நீளம் மிக அதிகம். ரேவதி தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள், வெளியே அவள் குடும்பத்தார் நடேசனும் அமராவதியும் முருகனும் அருண்மொழியும் காத்திருக்கிறார்கள். அதே புலம்பல், அதே குற்றச்சாட்டு, அதே 'அன்னைக்கே சொன்னேனே'. நாலு முறை கேட்டதை ஐந்தாவது முறை கேட்கும்போது துக்கம் கூடவில்லை, மரத்துப்போகிறது. இமையத்தின் கோவேறு கழுதைகளில் ஆரோக்கியத்தின் ஒப்பாரியும் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் நிலை ஒரு படி இறங்கியிருக்கும், அதனால் அதே சொல்லுக்கு வேறு கனம் இருந்தது.

பேச்சால் நிறைந்த இன்னொரு நாவல் சில நேரங்களில் சில மனிதர்கள். ஜெயகாந்தனின் துணிவு மீது எனக்கு மதிப்புண்டு. ஆனாலும் கங்கா, வெங்கு மாமா, பிரபு மூவரும் கோபத்தில் ஒரே மாதிரி வாதம் செய்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டுப் பேச்சை மட்டும் வாசித்தால் யார் என்று சொல்ல முடிய வேண்டும். அந்தச் சோதனையில் அது பல இடத்தில் தோற்கிறது. செல்லாத பணம் அந்தச் சோதனையில் ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அமராவதியின் வாயும் அருண்மொழியின் வாயும் வேறு வேறு.

ஏட்டுச்சுவடி:

மாலைவெயில், கங்கா விஷயத்தில் முழுக்க மறுப்பேன். அவள் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இடங்களை மற்றவரோடு வாதிடும் இடங்களோடு சேர்த்து எடைபோடக் கூடாது. தனிமையில் அவள் குரல் தளர்ந்து, தடுமாறி, தன்னையே மறுத்துக்கொண்டு போகிறது. வெங்கு மாமாவுக்கு அந்தத் தளர்வே கிடையாது. அவர் பேச்சு முழுக்கச் சட்டப் புத்தகம்.

செல்லாத பணம் நீளம் பற்றிச் சொன்னதில் பாதி நியாயம். தீக்காயத்துக்கு ஒரு கொடுமை உண்டு. பெரிய அளவில் வெந்தவர்கள்கூட முதலில் தெளிவாகப் பேசுவார்கள். பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். பிறகு உடம்பிலிருந்து நீர் இழப்பு, கிருமித் தொற்று, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பது. வெளியே நிற்பவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பணத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆளில்லை, அதுதானே தலைப்பு! செய்ய ஒன்றும் இல்லாதவர்கள் பேச மட்டுமே முடியும், பேசியதையே பேசத்தான் முடியும். அந்தச் சலிப்பு நாவலின் பிழை அல்ல என்று நினைக்கிறேன். ஆனால் ஊர்க்காரர்கள் வந்து விசாரிக்கும் காட்சிகளில் ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாம், அங்கே நீங்கள் சொன்ன மரத்துப்போதல் எனக்கும் நேர்ந்தது.

கரிசல்காடு சார், நிற்கும் இடம் பற்றி நீங்கள் சொன்னது என் விதியைத் திருத்துகிறது. ஏற்கிறேன்.

பக்கம்_நாற்பது:

காவல் கோட்டம் ஏன் ஒட்டவில்லை என்று சொல்லவே இல்லையே?

ஏட்டுச்சுவடி:

சு. வெங்கடேசன் எழுதியது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், ஆறு நூற்றாண்டு. மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்குகிறது. நாயக்கர் ஆட்சிப் பகுதியில் அரசர்கள் வருகிறார்கள், ஆள்கிறார்கள், போகிறார்கள். யார் தோளிலும் கைபோட்டு நிற்க முடியவில்லை. தாதனூர் என்ற ஊர் வந்ததும் நாவல் விழித்துக்கொள்கிறது. கன்னம் வைக்கும் (சுவரில் துளையிட்டுத் திருடும்) கலை, இருட்டைப் படிக்கும் விதம், காவலும் களவும் ஒரே ஆள்களின் இரண்டு கைகளாக இருப்பது எல்லாம் அற்புதம். மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்கும் பகுதிக்காகவே முழு நாவலையும் வாசிக்கலாம். சுவரை இடிப்பது வெறும் கட்டட வேலை, ஆனால் அங்கே குடியிருக்கும் காவல் தெய்வங்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்ததும் கல் ஒவ்வொன்றும் பேசத் தொடங்குகிறது.

அதனால் என் குறை முதல் சில நூறு பக்கங்களோடு நின்றுவிடுகிறது. வாசிக்கப்போகிறவர்கள் ஒரு தாளில் பெயர், உறவுமுறை, முதலில் வந்த பக்க எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வம்ச மரம் வரைய முயன்றால் பாதியில் தாள் தீர்ந்துவிடும், உறவுமுறை மட்டும் போதும். முதல் பகுதி தடுத்தால் தாதனூரிலிருந்து தொடங்கிவிட்டு, முடித்தபின் முன்னால் போங்கள். பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

கரிசல்காடு:

ஒன்று மீதமிருக்கிறது. புயலிலே ஒரு தோணி. உங்கள் விதிக்கும் என் திருத்தத்துக்கும் இரண்டுக்குமே அது அடங்காது. ப. சிங்காரம் மெடான் தெருக்களையும் மதுரைத் தெருக்களையும் பெயர் பெயராக அடுக்குகிறார். கடைகள், ஆட்கள், பண்டங்கள். யார் கையிலும் வேலை இல்லை. பாதி இடத்தில் பாண்டியன் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கதை ஒரு அடிகூட நகரவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியல் தொண்டையை அடைக்கிறதே?

நெய்தல்வாசகி:

கரிசல்காடு சார், அந்தத் தெருக்களுக்கு அவன் திரும்பிப் போகப் போவதில்லை என்பது முன்கூட்டியே நமக்குத் தெரிந்துவிடுகிறது. யுத்தம் நடுவில் கடலாகக் கிடக்கிறது. பெயரைச் சொல்வதுதான் அவனால் முடிந்த ஒரே பயணம். அடுக்குபவர் ஆசிரியர் என்று வாசித்தால் அது பட்டியல், அவன் சொல்கிறான் என்று வாசித்தால் அழுகை.

மாலைவெயில்:

அசோகமித்திரன் இதே ஏக்கத்தைப் பட்டியலே இல்லாமல் செய்வார். 18வது அட்சக்கோட்டில் 1948 ஐதராபாத் கலவரச் சூழலுக்கு நடுவே கிரிக்கெட், கல்லூரி, ஊரடங்கு என்று சாதாரண வாக்கியங்கள்தான். 'நான்' என்று தொடங்கி திடீரென்று 'சந்திரசேகரன்' என்று தள்ளி நின்று சொல்வார், மறுபடி 'நான்'. முதல் தடவை அச்சுப் பிழையோ என்று தோன்றும். அப்படி நகரும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள், அந்தப் பையன் எங்கே தன்னைத் தானே பார்க்கத் தொடங்குகிறான் என்பது தெரியவரும்.

ஏட்டுச்சுவடி:

சிங்காரத்துக்கு என்னிடம் விதி இல்லை, கரிசல்காடு சார். அந்த மதுரைத் தெருப் பகுதியை இன்று இரண்டு முறை உரக்க வாசித்தேன். மூன்று மூன்று பெயராக அடுக்கி வந்தவர் ஓர் இடத்தில் ஒற்றைப் பெயரோடு நிறுத்துகிறார் என்று காதில் பட்டது. அங்கே நிறுத்தியது ஏன் என்பதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உரக்க வாசித்துவிட்டு, மூச்சு எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.